சத்தம் போடும் பிரேக்கும் சங்கத்தின் வேலையும்



போன மாதம் ஒரு தோட்டத்தில் கிளைக் கூட்டம் நடந்தது. 2025 பிப்ரவரியில் வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் சரியாகக் கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படுகிறதா, மழை நாள் கணக்கு என்ன ஆயிற்று, தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவப் போகிறார்கள் என்று வழக்கமான விஷயங்களையெல்லாம் பேசி முடித்தோம். கடைசியில் நான் எழுந்து, "அடுத்த கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் பேட் எப்படி மாட்டுவது, சத்தம் வராமல் இருக்கப் பூசும் கிரீஸை எங்கே பூசுவது என்று காட்டித் தருகிறேன்" என்றேன்.

ஒரே சிரிப்பு. முப்பது வருஷமாகச் சந்தா கட்டி வரும் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏன் தம்பி, சங்கம் இப்ப போமன் வேலைக்கும் எறங்கிருச்சா?" என்று கேட்டார்.

அன்றைக்கு அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்ததில், அந்தப் பதிலை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் இந்தப் பத்தியைப் படிப்பவர்தான். கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐயா, நீங்கள் வேலைக்கு வந்த காலத்தில் பெரட்டுக் களத்திலிருந்து வேலைக் காட்டுக்கு லோரி போகும், இல்லையென்றால் டிராக்டர் போகும், அதுவும் இல்லையென்றால் நடை. வீடு தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. இன்றைக்கு அப்படியா? தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து ஓரத்துத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போன குடும்பங்களில், இன்னும் தோட்ட வேலையை விடாதவர்கள் எத்தனை பேர் விடியற்காலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கப்சாய் வண்டியில் வருகிறார்கள்! தோட்டத்திலேயே இருப்பவர்களும் செம்பனைக் காட்டுக்குச் சொந்த வண்டியில்தான் போகிறார்கள். அரிவாளைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு, பின்னால் மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விடுவதும் அதே வண்டிதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

இந்த நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. காட்டில் கத்தி பட்டால் அதைப் பற்றிச் சங்கம் பேசலாம், காட்டுக்குப் போகும் வழியில் கால் போனால் பேசக் கூடாது என்பது என்ன நியாயம்?

இப்போது என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

1999-ஆம் ஆண்டு. எனக்கு இருபது வயது. நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பா தவறிவிட்டார். அம்மா பால் வெட்டினார். நான் காசு சேர்த்து ஒரு பழைய வண்டி வாங்கினேன். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி. அந்தக் காலத்தில் எங்கள் லயத்தில் அது பெரிய விஷயம். ஆனால் பிரேக்கைப் பிடித்தால் போதும், பன்றியை அறுப்பது போல் ஒரு சத்தம் வரும். லயத்துப் பெண் பிள்ளைகள் அதைக் கேட்டு வாசலில் நின்று சிரிப்பார்கள். இருபது வயதுப் பையனுக்கு அது போதாதா?

கதவுக் கீல் கத்தினால் எண்ணெய் விடுகிறோம், சத்தம் நின்றுவிடுகிறது. பிரேக் கத்தினாலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிரேக்குக்குக் கிரீஸ் பூசுவார்கள் என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்திருந்தது. எங்கே பூசுவது, எந்தக் கிரீஸ் என்று கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. ரப்பர் ஆலையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அண்ணனிடம், யந்திரத்துக்குப் போடும் மஞ்சள் கிரீஸ் ஒரு உள்ளங்கை அளவு வாங்கிக்கொண்டு வந்தேன். பேட்டைக் கழற்றினேன். முன்னால் பின்னால் என்று பார்க்காமல், ரொட்டிக்கு வெண்ணெய் பூசுவது மாதிரி இரண்டு பக்கமும் நன்றாகப் பூசி மாட்டிவிட்டேன்.

சத்தம் நின்றது உண்மை. கைப்பிடியைப் பிடித்தால் வண்டி கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போய் நிற்பது போல் இருந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பசாருக்குக் கிளம்பினேன். எங்கள் தோட்டத்துச் செம்மண் சடக்கு ஆற்றுப் பாலத்தை நோக்கிச் சரிவாக இறங்கும். சரிவில் முன் பிரேக்கைப் பிடிக்கிறேன், பிடிக்கிறேன், வண்டி கேட்கவில்லை. பயத்தில் பின் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தேன். சக்கரம் கட்டிக்கொண்டது. கல்லில் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் தோல் போனது. அம்மாவுக்கு வலது முழங்கால் சில்லு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் என் தலையைத் தடவிக்கொண்டே அம்மா சொன்னார்: "சத்தத்தத்தான் நிறுத்துன, வண்டிய நிறுத்தலயே சாமி." திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அந்தக் கால் பிறகு முழுசாக மடங்கவே இல்லை. கீழ் வெட்டுக்குக் குனிய முடியாது, குந்த முடியாது. பதினேழு வயதில் கத்தி பிடித்தவர், வெட்டுக் காட்டை விட்டுவிட்டு நாற்று மேட்டில் சின்னச் சம்பளத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை சொந்த வேலையாகப் போனபோது நடந்த விபத்து. நஷ்டஈடு என்று கேட்க இடமே இல்லை.

என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பட்டணத்தில் ஒரு வயதான சீனத் தவ்கேயிடம் காட்டினேன். பேட்டைக் கழற்றிப் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. கிரீஸ் ஊறிக் கறுத்துப் போன அந்தப் பேட்டை என் மூக்குக்கு நேரே நீட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னார். பிறகு அதைக் குப்பையில் போட்டார். அன்றைக்கு அவர் மலாயில் சொல்லிக் கொடுத்ததைத்தான் இன்றைக்கு நான் தமிழில் உங்களுக்குச் சொல்கிறேன். பிற்பாடு நானே கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதும் கொஞ்சம் உண்டு.

முதலில் பிரேக் ஏன் கத்துகிறது? நம் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் கேட்டிருப்பீர்கள். வளைந்த குச்சியைத் தோலின் மேல் அழுத்தி இழுக்கிறார்கள். குச்சி தோலைக் கவ்வுகிறது, விடுகிறது, மறுபடி கவ்வுகிறது. அந்த அதிர்வுதான் உறுமல். பிரேக்கிலும் அதே கதைதான். சுற்றுகிற டிஸ்க்கைப் பேட் கவ்வி விட்டு, கவ்வி விட்டு, விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிர்கிறது. பேட்டின் முதுகு ஓர் இரும்புத் தகடு. அதைத் தள்ளுகிற பிஸ்டனும் உலோகம். இரும்பும் உலோகமும் காய்ந்த நிலையில் முட்டிக்கொண்டிருந்தால் அந்த அதிர்வு பெருகிக் கீச்சென்ற சத்தமாக வெளியே வருகிறது. சத்தம் பிறப்பது முன்பக்கத்தில், அதைப் பெருக்கிவிடுவது முதுகுப்பக்கம். அதனால்தான் அதற்கென்று உள்ள கிரீஸை முதுகில் பூசுகிறார்கள். இரும்புக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் மெல்லிய மெத்தை போல் இருந்து அது அதிர்வை அடக்குகிறது. வண்டி நிற்பது முன்பக்கத்து உராய்வினால். அந்த உராய்வில் கிரீஸ் ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் பிரேக்காக இருக்காது.

ஆனால் கிரீஸை எடுப்பதற்கு முன்னால் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். காலையில் பனியிலோ மழையிலோ நின்ற வண்டி முதல் இரண்டு மூன்று பிடிப்புக்குக் கரகரக்கும். டிஸ்க்கின் மேல் படிந்த லேசான துரு அது. தானாகப் போய்விடும், அதைத் தொட வேண்டாம். 'கர்ர்' என்று இரும்பு இரும்பை அறைக்கிற சத்தம் வந்தால் பேட் தேய்ந்து தகடே டிஸ்க்கில் உரசுகிறது என்று அர்த்தம். அதற்குக் கிரீஸ் மருந்தில்லை. வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும். பேட்டின் முகத்தில் ஒரு பள்ளக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு மறைகிற அளவுக்குத் தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டும். செம்மண் சடக்கில் ஓடுகிற நம் வண்டிகளில் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மண்ணும் பொடிக் கல்லும் சிக்கியும் சத்தம் வரும். கழற்றிச் சுத்தம் செய்தாலே அதில் பாதிச் சத்தம் அடங்கிவிடும். இதையெல்லாம் பார்க்காமல் சத்தத்தை மட்டும் அடக்கப் பார்ப்பது, லயத்து ஆட்கள் முறையிட வந்தால் வாயை அடைத்து அனுப்புகிற சில நிர்வாகங்களின் வேலையைப் போன்றது. நமக்குத் தெரியாத வித்தையா அது!

அடுத்தது, எந்தக் கிரீஸ்? சரிவில் தொடர்ந்து பிடித்துக்கொண்டு இறங்கினால் டிஸ்க் 200, 300 பாகைக்கும் சூடேறும். சாதாரணக் கிரீஸ் வகைகளில் சில 100 பாகையிலேயே இளகிவிடும். நல்ல வகைகள்கூட 180 பாகையை ஒட்டி உருகி ஒழுகிவிடும். ஒழுகினால் எங்கே போகும்? டிஸ்க்குக்குத்தான். ஆகவே ஆலைக் கிரீஸ், சங்கிலிக் கிரீஸ், சக்கர பேரிங் கிரீஸ் எதுவும் இதற்கு உதவாது. இன்னொரு கெடுதலும் உண்டு. பெட்ரோலிய எண்ணெயில் செய்த கிரீஸ், காலிபருக்குள் இருக்கிற ரப்பர் வளையங்களை ஊத வைத்துக் கெடுத்துவிடும். பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். மோட்டார் சாமான் கடையில் 'பிரேக்குக்கு உரியது' என்று மேலே எழுதியிருக்கிற குழாயாகவோ சின்னப் பொட்டலமாகவோ கேட்டு வாங்க வேண்டும். பொட்டலம் சில வெள்ளிதான் இருக்கும். ஒரு பொட்டலம் இரண்டு மூன்று வண்டிக்குக் காணும். காலிபர் நகர்கிற ஊசிகளுக்கு மட்டும் சிலிக்கோன் கிரீஸ் கேளுங்கள். அங்கே ரப்பர் உறை இருக்கிறது.

மாட்டுகிற விதம் சுலபம்தான். பழைய பேட்டைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய காலத்துப் பேட்டுகளில் கல்நார் இருந்தது. எந்தத் தூசியானாலும் நெஞ்சுக்கு நல்லதில்லை. தண்ணீரும் சவர்க்காரமும் தூரிகையும் போதும். பேட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய தகட்டைச் சில கடைகளில் வேண்டாத சாமான் என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அதுவும் சத்தத்தை அடக்குவதற்காக வைத்ததுதான். கேட்டு வாங்கித் திரும்ப மாட்டுங்கள். பிஸ்டனின் தலையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மெல்ல உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது மேலே குப்பியில் பிரேக் எண்ணெய் ஏறும். வழிந்தால் வண்டியின் சாயத்தைத் தின்றுவிடும், கண் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பேட்டைக் கையில் எடுக்கும் முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிரீஸ். பேட்டின் முதுகில் பிஸ்டன் முட்டுகிற வட்டத்தில் விரல் நுனியால் பூசுங்கள். சாமிக்குத் திருநீறு இடும்போது கல் தெரிகிற மாதிரி இருக்கும் அல்லவா, அந்த அளவு போதும். தகட்டின் இரண்டு ஓரமும் தாங்கியில் நகர்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் மெல்லிதாக. அவ்வளவுதான். ஓரத்தில் பிதுங்கி நின்றால் துடைத்துவிடுங்கள். பேட்டின் முகத்திலோ டிஸ்க்கிலோ விரல் படக் கூடாது. டிஸ்க்கில் பட்டுவிட்டால் பிரேக் கழுவுகிற திரவத்தால் துடைத்துவிடலாம். பேட்டில் ஊறிவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். பெட்ரோலில் கழுவி அடுப்பில் காட்டினால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் நம்மிலே உண்டு. மேலே காய்ந்த மாதிரி தெரியும், சூடேறினால் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும். அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு காரியத்தை மறக்கவே கூடாது. வண்டியைக் கிளப்புவதற்கு முன் பிரேக் கைப்பிடியைப் பல தடவை அமுக்கி அமுக்கி விட வேண்டும், கை கெட்டியாகத் தட்டுகிற வரைக்கும். உள்ளே தள்ளிய பிஸ்டன் வெளியே வந்து பேட்டைத் தொடுகிற வரைக்கும் கைப்பிடி வெறுமனே போகும். இதைச் செய்யாமல் கிளம்பி, முதல் முனையிலேயே போய் மோதியவர்கள் இருக்கிறார்கள். முதல் நூறு இருநூறு கிலோமீட்டருக்குத் திடீர்ப் பிடி பிடிக்காமல் மெல்ல மெல்லப் பிடித்து ஓட்டினால் பேட் டிஸ்க்கோடு பொருந்திக்கொள்ளும்.

"என் வண்டி இஎக்ஸ்5, டிஸ்க்கே கிடையாதே" என்று பலர் கேட்பீர்கள். அது டிரம் பிரேக். அங்கே கிரீஸ் பூசுகிற இடம் இரண்டுதான். ஷூவை விரிக்கிற கட்டையின் தண்டு, ஷூ சுழல்கிற முளை. ஒரு தீக்குச்சித் தலை அளவு. ஷூவின் முகத்திலும் டிரம்மின் உட்சுவரிலும் அறவே கூடாது. அதில் பெரும்பாலும் சத்தத்துக்குக் காரணம் உள்ளே அடைந்த தூசிதான். பிரித்துச் சுத்தம் செய்தால் போதும்.

இது தெரிந்துகொள்ள ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகிறது. இது தெரியாததால் என் அம்மாவுக்கு ஒரு கால் போயிற்று. அதனால்தான் பெரியவரே, இது போமன் வேலை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில நிர்வாகத்தார், "வண்டி உன்னுடையது, பிரேக்கும் உன்னுடையது, எங்களுக்கென்ன?" என்று கேட்கிறார்கள். வேலைக் காட்டுக்கு ஆள் ஏற்றிப் போன லோரியை நிறுத்தியது யார்? அந்த லோரியின் டீசலும் டயரும் டிரைவர் சம்பளமும் இன்றைக்கு யாருக்கு மிச்சம்? அந்தச் செலவு சத்தமில்லாமல் தொழிலாளியின் தலையில் ஏறியிருக்கிறது. ஆனால் அதை எந்தச் சம்பளச் சீட்டிலும் பார்க்க முடியாது. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். அங்கே இதைக் கிளப்புங்கள். வேலைக் காட்டுக்குச் சொந்த வண்டியில் போகச் சொல்கிற தோட்டம், மாதம் ஒரு நாள் வேலை நேரத்திலேயே ஒரு மணி நேரம் பிரேக் பார்க்க ஒதுக்கட்டும். தோட்டத்து ஸ்டோரில் பேட்டும் ஷூவும் அதற்குரிய கிரீஸும் அடக்க விலைக்கு இருக்கட்டும். பெரிய கோரிக்கை ஒன்றும் இல்லை இது. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். கேட்கத்தான் நமக்குக் கூச்சம்.

சொக்சோ பற்றியும் ஒரு வார்த்தை. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போதும் நடக்கிற விபத்தும் வேலை விபத்தாகக் கருதப்படும். அனுமதித்த இடைவேளையில் சாப்பிடப் போய் வருவதும் அதில் சேரும். வழியில் வேறு பக்கம் திரும்பிச் சொந்த வேலை பார்க்கப் போனால் சேராது. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்கிறவர்களுக்கும் வேலை விபத்துக் காப்புறுதி உண்டு. அவர்களுக்கும் சொல்லுங்கள். அவர்களில் பலருக்கு யாரும் சொல்வதில்லை. விழுந்தால் காயம் சின்னது என்று வீட்டில் படுத்துவிடாமல் அன்றைக்கே நிர்வாகத்துக்குத் தெரிவித்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் ஆண் என்பதால் பிரேக் அவர் பாடு என்று இருந்துவிடாதீர்கள். பின்னால் உட்காருகிறவர் நீங்கள். உங்கள் மடியில்தான் பிள்ளை இருக்கிறது. பேட் கோட்டைப் பார்க்க ஒரு டார்ச் லைட் போதும். என் வீட்டில் அந்த வேலையை இப்போது பார்ப்பது என் மகள்தான். பதினாறு வயது. அவள் பாட்டியைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொண்டுதான் பேட்டைக் கழற்றுவாள். பாட்டிக்கு முகத்தையும் முதுகையும் திருப்பிக் காட்டி "எந்தப் பக்கம் ஆயா?" என்று கேட்பாள். அம்மா முதுகைத் தொட்டுக் காட்டுவார்.

அடுத்த கிளைக் கூட்டம் நடக்கிற அன்று கோயில் திடலுக்கு வண்டியோடு வந்துவிடுங்கள். சாவி, தூரிகை எல்லாம் நான் கொண்டு வருகிறேன். கிரீஸ் குழாய் ஒன்று வாங்கிக் கிளைச் செயலாளர் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். முன்னதாக வேண்டுமானால் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம். பூசி முடித்ததும் மூடியை இறுக மூடித் திரும்ப வையுங்கள். மண் விழுந்த கிரீஸ் அடுத்த ஆளுக்கு ஆகாது.